மரப்பட்டறைக் கணக்கரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, காவிரிக் கரையை ஒட்டிய ஊர் ஒன்றில் இருக்கும் மர அறுவை ஆலையில் நான் கணக்குப் பார்க்கிறேன். கட்டை அறுப்பது, நிலை, கதவு, ஜன்னல் செய்வது, கேட்டால் கட்டிலும் மேசையும் செய்து தருவது, இவ்வளவுதான் எங்கள் தொழில். இந்த ஆண்டு இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. பலகை உலர்த்தும் அறை ஒன்று கட்டியிருக்கிறோம். கோடைக்கால வேலை நேரத்தையும் மாற்றியிருக்கிறோம். அந்த இரண்டையும் சாக்காக வைத்து ஊழியர்கள், அவர்கள் வீட்டார், கதவுக்கு முன்பணம் கொடுத்தவர்கள், கொல்லையில் நிற்கும் வேம்பை விற்க நினைப்பவர்கள் என்று எல்லோரும் அலுவலக ஜன்னலில் வந்து நிற்கிறார்கள். ஒரே பதிலை ஒரே நாளில் எட்டுப் பேருக்குச் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன்.

உலர்த்தும் அறை வந்துவிட்டது. ஆட்களைக் குறைக்கப் போகிறீர்களா?

இல்லை. ஒருவரையும் குறைக்கவில்லை. இதுவரை அறுத்த பலகையைக் கொட்டகையில் அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே குச்சி வைத்து, காற்று உள்ளே ஓடும்படி விட்டுவைப்போம். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய ஆசாரிகள் சொல்லும் கணக்கு. இரண்டு அங்குலப் பலகை இரண்டு வருடம் எங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதில் போட்ட பணமும் அங்கேயே கிடக்கும். இப்போது அந்த வேலை வாரக் கணக்குக்கு வந்திருக்கிறது.

அடுக்குவதற்கும் குச்சி வைப்பதற்கும் இப்போதும் கைதான் வேண்டும். சொல்லப்போனால் முன்பைவிட அதிகக் கவனம் வேண்டும். குச்சிகள் மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வளைந்து வெளியே வரும். கொட்டகையில் அடுக்கிக்கொண்டிருந்த இருவருக்கும் அறையை இயக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். இரவில் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுத ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஆள் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

வெப்பத்தைக் கூட்டி வைத்து இரண்டே நாளில் காய வைத்துவிட முடியாதா?

முதலாளியின் மைத்துனரும் இதைத்தான் கேட்டார். எண்ணெய் கொதிக்கிற சட்டியில் வடையைப் போட்டால் என்ன ஆகும்? மேலே கறுத்து, உள்ளே மாவாக இருக்கும். மரமும் அப்படித்தான். மேல்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் தவிக்கும். பிறகு உள்ளே காயும்போது நடுவில் தேன்கூடு மாதிரி வெடிப்பு விழும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆசாரி உளியை வைத்ததும் தெரியும்.

ஆகவே முதல் சில நாட்கள் அறைக்குள் சூட்டோடு நீராவியும் விடுகிறோம். உலர்த்தும் அறைக்குள்ளேயே ஈரத்தை ஏற்றுவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். தோல் இறுகாமல் இருக்கத்தான் அது. பிறகு ஈரத்தைக் குறைத்துச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம்.

மரம் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

கையில் தூக்கிப் பார்த்தும், தட்டிச் சத்தம் கேட்டும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தலைமை ஆசாரி தட்டிப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் அவர் காதை ரசீதில் ஒட்ட முடியாது. ஆகவே எடை போடுகிறோம்.

பலகையின் நுனியிலிருந்து ஓரடி தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டி எடுப்போம். நுனி எப்போதும் முதலில் காய்ந்துவிடும். அதை நம்பக் கூடாது. அந்தத் துண்டு 62 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 103 டிகிரி செல்சியஸ் சூட்டில், எடை இனிமேல் குறையவில்லை என்கிற வரை சிறு அடுப்பில் வைப்போம். கடைசியில் 50 கிராம் நின்றால், போன தண்ணீர் 12 கிராம். அதைக் காய்ந்த எடையான 50ஆல் வகுக்க வேண்டும். ஈரம் 24 சதவீதம். பள்ளிக்கூடம் முடித்துப் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் 62ஆல் வகுத்து 19 என்று எழுதுவார்கள். அந்த ஐந்து சதவீதப் பிழையில் ஒரு கதவே கோணிவிடும்.

வீட்டுக்குள் வைக்கும் கதவு, கட்டில் போன்றவற்றுக்கு 12 சதவீதத்தை ஒட்டி வரவேண்டும் என்று பார்க்கிறோம். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டாலே பூஞ்சைத் தொல்லை போய்விடும். முள் குத்திப் பார்க்கும் மின் ஈரமானியும் வைத்திருக்கிறோம். அது அவசரத்துக்கு மட்டும்.

உங்களிடம் வாங்கிய கதவு ஐப்பசி பிறந்தால் நிலையில் பிடித்துக்கொள்கிறது. மாற்றித் தருவீர்களா?

இந்த ஒரு கேள்விக்கே தனி ஆள் போடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டெல்டாவில் காற்றே தண்ணீராக இருக்கும். மரம் அதைக் குடித்து ஊதும். சித்திரையில் அதை வெளியே விட்டுச் சுருங்கும். மரத்தின் நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் ஆட்டம். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டி நடக்கும் சுருக்கம், வளையத்துக்குக் குறுக்கே நடப்பதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. கட்டையை எந்தப் பக்கமாக அறுத்தார்கள் என்பதைப் பொறுத்தே கதவின் குணம் அமைகிறது.

மழைக்காலத்தில் கொஞ்சம் பிடித்து, தை மாதத்தில் தானாக விட்டுவிடும் கதவில் குறை ஒன்றும் இல்லை. தயவுசெய்து கார்த்திகையில் இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவாதீர்கள். சீவினால் பங்குனியில் அந்த இடைவெளியில் பல்லி புகுந்து போகும். தையிலும் பிடித்தால் சொல்லுங்கள், ஆள் அனுப்புகிறோம். மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பாலிஷ் அடிக்காமல் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் முதலில் பாருங்கள். பத்துக்கு எட்டு வீடுகளில் கோளாறு அங்கேதான் இருக்கிறது. கண்ணில் படாத இடம் என்று பெயிண்டர் விட்டுவிடுகிறார்.

வாசக்கால் வைக்க நாள் குறித்துவிட்டோம். பத்து நாளில் நிலை வேண்டும். முடியுமா?

மரத்தைக் கேட்டுவிட்டு நாள் குறித்திருந்தால் முடியும். பஞ்சாங்கத்தில் வாஸ்து நாட்கள் ஆண்டுக்கு எட்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் கிடையாது. வாஸ்து நாள் மனைக்குத்தான், வாசக்காலுக்கு முகூர்த்தம் தனி. ஆனாலும் ஒன்றைப் பிடித்தே இன்னொன்று வருகிறது. எனவே எங்கள் ஆலையின் உற்பத்தி அட்டவணை கணினியில் இருந்தாலும், அதை எழுதுவது பாம்புப் பஞ்சாங்கம்தான். மார்கழியில் சும்மா இருப்போம்; தை பிறந்ததும் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

காய்ந்த வேங்கை, தேக்கு, கோங்கு ஆகியவற்றில் வழக்கமான அளவு நிலைகளுக்குச் சட்டம் தயாராக வைத்திருக்கிறோம். அதில் பத்து நாள் போதும். உங்கள் சொந்த மரத்தை அறுத்துத்தான் நிலை செய்ய வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு முன்பே கொண்டுவந்து போடுங்கள்.

கோடையில் வேலை நேரம் ஏன் மாறியது?

தகரக் கொட்டகைக்குள் பிற்பகல் இரண்டு மணிக்கு ரம்பத்தின் அருகே நின்று பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். பங்குனி நடுவிலிருந்து ஆனி தொடக்கம் வரை காலை ஆறு மணிக்குத் தொடங்கி, நடுவில் சாப்பாட்டு இடைவேளையுடன் மூன்று மணிக்குள் முடிக்கிறோம். மற்ற மாதங்களில் எட்டரைக்குத் தொடக்கம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதில் மாற்றம் இல்லை. அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். தை மாதத்தில் பலருக்கு இது உண்டு. கைரேகை இயந்திரத்தில் வைக்காமல் தாளில் எழுதிக் கொடுத்த கூடுதல் நேரத்தை என்னால் ஏற்க முடியாது, சண்டை போடாதீர்கள்.

நடவுக்கும் அறுப்புக்கும் விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கிறீர்களே?

சுளித்ததுண்டு. இனிமேல் சுளிக்க மாட்டேன். எங்களிடம் வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்குக் கால் காணியாவது நிலம் இருக்கிறது, அல்லது குத்தகை இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அன்று திறந்தால் குறுவை நெல் போடலாம். தண்ணீர் தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். அந்த ஆண்டு குறுவையை விட்டுச் சம்பாவை மட்டும் நம்பிய வீடுகள் நிறைய. விடுப்பு விண்ணப்பங்களும் அதற்கேற்ப ஆவணி, புரட்டாசியில் ஒரே கொத்தாக வந்து விழுந்தன. ஒரு வாரம் ரம்பம் ஓட்ட ஆள் இல்லாமல் நானே டிராலி தள்ளினேன்.

அதிலிருந்து முறை வைத்திருக்கிறோம். அணை திறக்கும் தேதி தெரிந்ததும் யாருக்கு எந்த வாரம் நடவு என்று பலகையில் பெயர் எழுதிவிட வேண்டும். ஒரே நேரத்தில் அறுவைப் பிரிவிலிருந்து மூவருக்கு மேல் போகக் கூடாது. ஆற்று முறை தெரிந்தவர்களுக்கு இது புரியும்: தண்ணீர் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நாளில் வராது. இருபது நாள் வேலை செய்தால் ஒரு நாள் ஈட்டிய விடுப்பு சேரும். அதை நடவுக்குப் பயன்படுத்தலாம். மாமியார் வீட்டு நடவுக்கும் சேர்த்துத்தான் என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். கொடுத்தோம்.

மழையில் ஆலை மூடினால் அந்த நாள் சம்பளம் உண்டா?

மாவட்ட நிர்வாகம் பொது விடுமுறை அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும், ஆலையை நாங்களாக மூடினால் சம்பளம் உண்டு. ஆலை திறந்திருந்து, உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்று வரமுடியவில்லை என்றால் தொலைபேசியில் சொல்லுங்கள், விடுப்பில் கழித்துக்கொள்வோம். சொல்லாமல் இருந்தால் நாங்கள் கவலைப்படுவோம், பிறகு கோபப்படுவோம்.

எந்தெந்த நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை?

1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகை நாட்கள் ஐந்தும். ஐந்து எவை என்று ஆண்டுத் தொடக்கத்தில் கூடிப் பேசி முடிவு செய்கிறோம். ஆயுத பூஜை எப்போதும் உண்டு. முதல் நாள் மாலையே ரம்பங்களைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். பூஜை அன்று உளியைக்கூடத் தொட மாட்டார்கள். பொரி, கடலை, வெல்லம் எல்லோருக்கும் சமம். விஜயதசமி காலையில் பேருக்கு ஒரு கட்டையை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தக் கட்டைக்கு யாரும் ரசீது போடுவதில்லை.

தீபாவளி போனஸ் எவ்வளவு?

குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். இது சட்டம். 8.33 என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். இங்கேதான் ஒவ்வொரு ஆண்டும் சச்சரவு. கணக்கிடுவது கையில் வாங்கும் முழுச் சம்பளத்தின் மீது இல்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையின் மீது. அதற்கும் மாதம் 7,000 ரூபாய் அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அதுவே வரம்பு. ஆண்டில் 30 நாளாவது வேலை செய்தவருக்குப் போனஸ் உண்டு. ஆடியில் சேர்ந்தவருக்கும் அவர் வேலை பார்த்த காலத்துக்கு ஏற்ப உண்டு.

ஜவுளிக்கடைக்காரர் உங்களை நம்பிக் கடன் கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பே வங்கிக் கணக்கில் போட்டுவிடுவோம்.

இஎஸ்ஐ, பிஎஃப் என்று பிடிக்கிறீர்களே, அந்தப் பணம் எங்கே போகிறது?

எங்கள் பெட்டிக்குள் போகவில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. உங்களிடம் 0.75 சதவீதம், ஆலை போடுவது 3.25 சதவீதம். 16,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்களுடையது 120 ரூபாய், எங்களுடையது 520 ரூபாய். இதற்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை. நோயில் படுத்தால், ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் அடிபட்டால் அந்த 78 நாள் கணக்கெல்லாம் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் 90 சதவீதம் உண்டு. இதனால்தான், ‘ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு பதிவு செய்கிறேன்’ என்பவரை நான் ரம்பத்துக்கு அருகே விடுவதில்லை.

பிஎஃப்: அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 என்றால் உங்கள் 12 சதவீதம் 1,440 ரூபாய். நாங்களும் 1,440 போடுகிறோம். அதில் 1,000 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும், மீதி 440 உங்கள் சேமிப்புக்கும் போகும். பத்து ஆண்டுகள் சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம். தங்கை கல்யாணத்துக்கு என்று ஒன்பதாவது வருடம் வேலையை விட்டு முழுவதையும் எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த ஒன்பது வருடமும் போனது போனதுதான். எடுக்கும் முன் ஒரு முறை என்னிடம் வந்து உட்காருங்கள். ஒரு டீ வாங்கித் தருகிறேன்.

வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையை எப்படிக் கணக்கிடுவது?

கடைசி மாத அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000 என்றால், 26ஆல் வகுத்தால் நாளுக்கு 500. அதைப் பதினைந்தால் பெருக்கினால் 7,500. அது ஒரு வருடத்துக்கு. பன்னிரண்டு வருடம் இருந்தால் 90,000. ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். இறந்துவிட்டவர் குடும்பத்துக்கு அந்த ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. வாரிசு நியமனப் படிவத்தில் இன்னும் அப்பாவின் பெயரையே வைத்திருப்பவர்கள், திருமணமாகிவிட்டால் மாற்றுங்கள்.

கையுறை கேட்டால் ஏன் தருவதில்லை?

கட்டை இறக்குபவர்களுக்குத் தருகிறோம். வட்ட ரம்பம், இழைப்பு இயந்திரம், துளைக்கருவி ஆகியவற்றின் முன் நிற்பவர்களுக்குத் தர மாட்டோம். சுழலும் பல்லில் வெறும் விரல் பட்டால் விரல் வெட்டுப்படும். கையுறை பட்டால் அதன் நூல் சிக்கி முழுக் கையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். காப்புக்காகப் போட்டதே கண்ணியாகிவிடும்.

அதே காரணத்தால் கழுத்தில் துண்டு கூடாது. லுங்கி கூடாது. கையில் கட்டிய கோவில் கயிறும் கூடாது. கயிற்றைப் பற்றி ஒரு பெரியவருக்கும் எனக்கும் வாக்குவாதமே நடந்தது. கடைசியில் அவரே அதை அவிழ்த்து அரைஞாணில் கட்டிக்கொண்டார். அம்மன் அங்கேயும் காப்பாற்றுவாள் என்றார். சரி என்றேன்.

சிறு துண்டைத் தள்ள இரண்டடி நீளத் தள்ளுகுச்சி ஒவ்வொரு இயந்திரத்திலும் தொங்குகிறது. குச்சியை ரம்பம் கடித்தால் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. குச்சி செய்ய மரத்துக்கா பஞ்சம்? கடிபட்ட குச்சிகளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு வேறு பாடம் வேண்டாம்.

அப்படியும் அடிபட்டுவிட்டால்?

முதலில் சிவப்புப் பொத்தான், பிறகு கத்தல். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். காப்பிப்பொடி, மஞ்சள், மரத்தூள் எதையும் அப்பக் கூடாது. 108க்கு அழையுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பையில் வைக்க வேண்டும். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது. பட்டால் திசு செத்துவிடும். பொருத்தவே முடியாது. இதை நான் எழுதக் காரணம், பல வருடங்களுக்கு முன் எங்கள் கொட்டகையில் ஒருவருக்கு அப்படி ஆனபோது, நல்ல எண்ணத்தில் யாரோ துண்டை ஐஸ் வாளியிலேயே போட்டுவிட்டார்கள். அவர் இன்றும் எங்களோடு இருக்கிறார். இடக்கையில் நான்கு விரல்களோடு பாலிஷ் பிரிவைக் கவனிக்கிறார்.

தூசிக்கு முகக்கவசம் போட்டே ஆகவேண்டுமா? கைக்குட்டை போதாதா?

போதாது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. குறிப்பாக மூக்கின் உள்ளறையைப் பாதிக்கும். ரம்பத்தில் பறக்கும் பெரிய தூளைக் கைக்குட்டை தடுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழும் மாவு போன்ற தூசிதான் ஆபத்து. அது கைக்குட்டைக்குள் புகுந்து வரும். தேய்ப்புப் பிரிவில் பெண்களே அதிகம். மூக்கில் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொள்வார்கள். இந்த ஆண்டு உறிஞ்சும் குழாயை முதலில் அந்தப் பிரிவுக்குத்தான் போட்டோம். சம்பளம் அங்கே ஆண், பெண் என்று வேறுபாடு இல்லாமல் ஒன்றுதான். அதையும் சிலர் கேட்கிறார்கள். தூசிக்கு நடுவே பீடி பற்ற வைப்பவரை எச்சரிக்கையே இல்லாமல் வெளியே அனுப்புவோம்.

வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து உள்ளூர்ப் பையன்களின் வேலையைக் கெடுக்கிறீர்களா?

உள்ளூர்ப் பையன்களைக் கேட்டுத் தெருத்தெருவாகச் சொல்லியும் யாரும் வரவில்லை. திருப்பூர், சென்னை, வளைகுடா என்று போகிறார்கள். போகட்டும், அது அவர்கள் விருப்பம். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு அதே சம்பளம், அதே இஎஸ்ஐ, அதே போனஸ். தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. பிகார்க்காரர்கள் அதற்கு ஊருக்குப் போவார்கள். அந்த வாரம் கட்டை இறக்கம் இல்லை என்று விவசாயிகளுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்கள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் ‘கை, கை, கையைப் பார்’ என்பதுதான். அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

மரம் விற்க வேண்டும். எப்படி அளப்பீர்கள்?

கால் சுற்றளவுக் கணக்கு. கட்டையின் நடுவில் நாடா சுற்றிச் சுற்றளவு 48 அங்குலம் என்றால், நான்கால் வகுத்தால் 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144. நீளம் 10 அடி. இரண்டையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் 10 கன அடி. கணக்கு வாத்தியார் யாராவது பக்கத்தில் இருந்தால், உருளையின் உண்மையான கன அளவு 12¾க்கு அருகில் வரும் என்று சொல்வார். சொல்வது சரி. மீதி இரண்டே முக்கால், ஓரம் சீவும்போது போகும் பங்கு என்று விட்டுத்தான் அந்தக் காலத்திலேயே விலை பேசியிருக்கிறார்கள். எந்த மரவாடிக்குப் போனாலும் இதே கணக்குத்தான். ஆகவே விலையைப் பேசுங்கள், கணக்கைப் பேசாதீர்கள்.

ஆனால் நாடா எங்கே சுற்றப்படுகிறது என்று கட்டாயம் பாருங்கள். நடுவில் சுற்ற வேண்டும், நுனிப் பக்கம் நகர்த்தக் கூடாது. பட்டைக்குக் கழிவு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். நாங்கள் கழிப்பதையும் கேளுங்கள்.

தேக்கு என்றால் வெட்டும் முன் கிராம நிர்வாக அலுவலரையும் வனத்துறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். தாள் இல்லாத தேக்கை நாங்கள் இறக்குவதில்லை. சந்தனம், ஈட்டி பற்றி எங்களிடம் பேசவே வேண்டாம்.

வீட்டுக் கொல்லை மரம் என்றால் விலையைக் குறைக்கிறீர்களே?

ஆணி. கொடிக்கம்பி கட்ட அடித்தது, தேர்தல் தட்டி மாட்ட அடித்தது, பேய் ஓட்ட அடித்தது என்று எல்லாமே மரத்துக்குள் இருக்கும். மரம் அதை மூடிக்கொண்டு வளர்ந்துவிடும். ஒருமுறை அழகான வேம்பு ஒன்று வந்தது, வைரம் பாய்ந்த அடிக்கட்டை. பட்டை ரம்பம் பாதி போனதும் பொறி பறந்தது. இருபது பற்கள் போய்விட்டன. பிளந்து பார்த்தால் ஒரு முழு இரும்பு வளையம். மாடு கட்டியது. கொண்டுவந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, ‘எங்கள் தாத்தா காலத்துச் செவலை இங்கேதான் நிற்கும்’ என்றார். வளையத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரம்பத்தின் விலையை அவரிடம் எப்படிக் கேட்பது? இப்போது உலோகம் காட்டும் கருவி வைத்துத் தடவிப் பார்க்கிறோம்.

தென்னை வாங்குவீர்களா?

கஜா புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு வயிறு கலங்கும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னையும் தேக்கும் படுத்துக்கிடந்தன. விலை என்று ஒன்று இல்லாமலே போயிற்று. ‘எடுத்துக்கொண்டு போனால் போதும், தோட்டம் காலியாகட்டும்’ என்று சொன்னவர்களிடம்தான் நாங்கள் போய் நின்றோம். தென்னையில் வைரம் நடுவில் இல்லை, வெளி வட்டத்தில் இருக்கிறது. நடு, சோறு மாதிரி இருக்கும். மற்ற மரத்துக்குப் பழகிய ரம்பமும் ஆளும் அதில் தடுமாறும். முதிர்ந்த தென்னையின் அடிப்பாகம் மட்டும் ஓட்டுக் கூரையின் கைமரத்துக்கும் ரீப்பருக்கும் ஆகும். அதை மட்டும் வாங்குகிறோம்.

வீணைக்குப் பலாவும் நாகஸ்வரத்துக்கு ஆச்சாவும் கிடைக்குமா?

முதிர்ந்த பலா வந்தால், தஞ்சாவூரில் வீணை செய்பவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம். நாங்களே அறுத்துக் கெடுப்பதில்லை. நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்காரர்கள் புதிய மரத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இடித்த பழைய வீடுகளின் ஆச்சா உத்திரமும் தூணும்தான் அவர்களுக்கு வேண்டும். உங்கள் தாத்தா வீட்டை இடிக்கிறீர்கள் என்றால், விறகுக்குத் தள்ளும் முன் அந்த ஊர்ப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் தரும் விலை எங்களால் தர முடியாத விலை.

மரத்தூள் இலவசமா?

இல்லை. பாதி உலர்த்தும் அறையின் அடுப்புக்கே போய்விடுகிறது. மீதி செங்கல் சூளைக்கும் கோழிப்பண்ணைக்கும் போகிறது. பலாத் தூள் மட்டும் மஞ்சளாக இருக்கும். புத்த பிக்குகளின் காவிக்கு அந்தக் காலத்தில் அதிலிருந்துதான் சாயம் எடுத்தார்களாம். அதைக் கோலத்துக்கு என்று இரண்டு பாட்டிகள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு மட்டும் இலவசம்.

தெற்கே கிளை திறக்கப் போவதாகப் பேச்சு இருக்கிறதே?

அறுவை ஆலை திறப்பது டீக்கடை திறப்பது மாதிரி இல்லை. காடுகளைக் காக்கத் தொடர்ந்த கோதவர்மன் வழக்கில் 1996இலிருந்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு, புதிய உரிமம் கிடைப்பது கடினம். கதவு, நிலைக்கு ஒரு விற்பனைக் கூடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே ரம்பம் இருக்காது. ஆள் எடுப்பு எதுவும் இன்னும் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என் கேள்வி இதில் இல்லை. யாரைக் கேட்பது?

என்னையே கேளுங்கள். ஆனால் ரம்பம் நின்ற பிறகு வாருங்கள். ஓடும்போது நீங்கள் கேட்பது என் காதில் விழாது. தலையாட்டிவிடுவேன், பிறகு நான் சம்மதித்ததாக ஊரெல்லாம் சொல்வீர்கள்.